பொறைக்கு வீட்டில் அடிபடவில்லை

புதிதாக ஃபோர்க்லிஃப்ட் ஓட்ட வந்திருக்கும் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும் நாலு வார்த்தை பேச வேண்டும் என்று பயிற்சி வகுப்பு நடத்தும் சார் என்னைக் கூப்பிட்டார். மைக் முன்னால் நின்றால் எனக்குப் பேச்சு வராது. இருபத்திரண்டு வருஷம் நான் வண்டி ஓட்டியதற்கு ஒரு காரணம், வண்டியில் உட்கார்ந்திருப்பவனிடம் யாரும் அதிகம் பேச்சுக் கொடுக்க மாட்டார்கள் என்பதுதான். அதனால் எழுதித் தருகிறேன் என்றேன். பத்தாவது வரை படித்தவனின் எழுத்து. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

லோடை எந்த உயரத்தில் பிடிப்பது, சரிவில் எப்படி இறக்குவது என்பதெல்லாம் சார் சொல்லித் தருவார். என்னைவிட நன்றாகவே சொல்லித் தருவார். நான் எழுதப்போவது ஒரு நாயைப் பற்றி. அதை இடித்தவன் நான். இடித்ததைவிடப் பெரிய தப்பு ஒன்றை அதற்கு ஒரு மணி நேரம் கழித்துச் செய்தேன். அந்த இரண்டாவது தப்பை நீங்களும் செய்வீர்கள். அதற்காகத்தான் எழுதுகிறேன்.

நான் வேலை பார்த்தது ஒரகடம் பக்கத்தில் ஒரு கிடங்கில். கார் பாகங்கள் பல இடங்களிலிருந்து வந்து சேரும். பெட்டி போட்டு, லேபிள் ஒட்டி, கார் தொழிற்சாலைகளுக்கு அந்தந்த மணிக்கு அனுப்ப வேண்டும். அங்கே ஒரு மழைக்காலத்தில் டிரெய்லர் ஒன்றுக்கு அடியில் வந்து ஒதுங்கிய குட்டிதான் பொறை. டீக்கடைக் கண்ணாடி ஜாடியில் பொறை என்று காய்ந்த ரொட்டி இருக்குமே, அதே நிறம். பத்து மணி டீ வரும்போது என் பங்குப் பொறையில் பாதி அதற்கு. ஆறு வருஷம் இது நடந்தது. பேக்கிங்கில் இருந்த லூர்து என்ற பெண், "ஏழுமலண்ணா நம்மகிட்ட 'ஆங்', 'சரி', இந்த ரெண்டு வார்த்ததான் பேசும். பொறைகிட்ட மட்டும் குடும்பக் கதையே பேசும்" என்று எல்லாரிடமும் சொல்லிச் சிரிப்பாள். பொய்யில்லை. என் மகளுக்கு வரன் கூடியதை என் தம்பிக்குச் சொல்வதற்கு முன்னால் பொறையிடம்தான் சொன்னேன்.

கேட்டுக்கு உள்ளே ஒரு போர்டு இருந்தது. விபத்தில்லாத நாட்கள் என்று எழுதி, தினமும் காலையில் செக்யூரிட்டி எண்ணை மாற்றி வைப்பார். ஒரு வருஷம் முழுதாகப் போனால் ஆளுக்கு ஒரு குக்கர் என்று நிர்வாகம் சொல்லியிருந்தது. குக்கர் எல்லார் வீட்டிலும் இருந்தது. ஆனாலும் அந்தக் குக்கருக்கு ஒரு மரியாதை வந்துவிட்டது. யாராவது வேகமாக நடந்தால் போதும், "யோவ், பார்த்துப் போ, குக்கர் ஒடஞ்சிடப் போவுது" என்று ஒரு குரல் வரும்.

அந்த வருஷம் டிசம்பரில் என் ஷூ மழையில் நனைந்துவிட்டதால் செருப்போடு வேலைக்கு வந்தேன். பெட்டிகளை அடுக்கும் மரப் பேலட் ஒன்று சரிந்து கட்டைவிரல் நகம் பெயர்ந்தது. ஷிஃப்ட் இன்சார்ஜ் செல்லதுரை, "எங்க பட்டுச்சு அண்ணே?" என்று கேட்டான். "வூட்ல. அம்மிக்கல்லு வுழுந்துட்டுது" என்றேன். எங்கள் வீட்டில் அம்மி கிடையாது. கல்யாணத்துக்கு வந்த மிக்ஸிதான் இன்றுவரை ஓடுகிறது. செல்லதுரைக்கும் அது தெரியும். தலையாட்டிவிட்டுப் போனான்.

யாரும் எங்களைப் பொய் சொல்லச் சொன்னதில்லை. எப்படியோ அது பழக்கமாகிவிட்டது. கை கிழிந்தால் வீட்டில் அரிவாள்மனை. முதுகு பிடித்தால் வீட்டில் தண்ணீர்க்குடம். எங்கள் ஊர் வீடுகளைப்போல ஆபத்தான இடம் உலகத்திலேயே இல்லை என்று யாராவது வெளியாள் நினைத்திருப்பான்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். வண்டியைப் பின்னால் எடுக்கும்போது ஒரு ஹார்ன் கத்துமே, அதன் ஒயரை நான் பிடுங்கி விட்டிருந்தேன். ஒவ்வொரு தடவையும் அந்தச் சத்தத்துக்குப் பொறை தூக்கத்திலிருந்து திடுக்கிட்டு எழும். பாவமாக இருந்தது. எனக்கும் சாயங்காலம் ஆனால் தலைவலி. இரண்டில் எது முதல் காரணம் என்று இன்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. ஒரு மாதமாக வண்டி சத்தமில்லாமல் பின்னால் போய்க்கொண்டிருந்தது. எல்லாருக்கும் நிம்மதி. யாரும் கேட்கவில்லை.

ஏப்ரல் மாதத்தில் ஒரு நாள் மூன்று மணி. நாலு மணிக்குள் கார் கம்பெனிக்குச் சேர வேண்டிய சரக்கு இன்னும் ஏறவில்லை. லாரி டிரைவர் இஞ்சினை அணைக்காமல் நிற்கிறார். நான் ராக்கிலிருந்து ஒரு பேலட்டை எடுத்துக்கொண்டு பின்னால் வந்தேன். திரும்பிப் பார்த்தேனா? பார்த்தேன். கண் உயரத்தில் பார்த்தேன். தரையைப் பார்க்கவில்லை.

பெரிய சத்தம் எதுவும் வரவில்லை. ஒரு குரல் பாதியில் நின்றதுபோல இருந்தது. அதற்கு மேல் லூர்து கத்தியதுதான் கேட்டது.

"வண்டிய நிறுத்துணா! பொறைணா, பொறை!"

அடுக்கி வைத்த காலிப் பேலட்டுகளுக்கும் வண்டியின் பின்பக்க இரும்புக்கும் நடுவில் சிக்கியிருந்தது. ஓரடி முன்னால் எடுத்துவிட்டு இறங்கி ஓடினேன். பொறை என்னைப் பார்த்ததும் எழுந்தது. முன்னங்கால் இரண்டும் எழுந்தன. பின்பக்கம் எழவில்லை. ஈரச் சாக்கை இழுத்து வருவதுபோல அந்தப் பாதி உடம்பை இழுத்துக்கொண்டு என் பக்கம் இரண்டு அடி வந்தது. அப்போதும் என் கையை நக்கியது.

இரண்டு கையையும் கொடுத்துத் தூக்கப் போனேன். லூர்து என் தோளைப் பிடித்துத் தள்ளினாள்.

"தூக்காத! உள்ள ஒடஞ்ச பெட்டியத் தூக்கிக் குலுக்குவியா நீ? அப்டியே பலகைல நவுத்தணும்."

பெரிய பெட்டியின் மூடிப் பலகை ஒன்றைக் கொண்டுவந்து அதன் பக்கத்தில் வைத்தாள். இருவரும் தோளையும் இடுப்பையும் ஒரே நேரத்தில் பிடித்து, வளையாமல், பலகையின் மேல் நகர்த்தினோம். பெட்டிகள் சரியாமல் இருக்க மெல்லிய பிளாஸ்டிக் சுற்றுவோமே, அந்த ஃபிலிமை எடுத்துத் தோளில் இரண்டு சுற்று, இடுப்பில் இரண்டு சுற்று சுற்றினாள். நான் இன்னும் இரண்டு சுற்று இழுத்துக் கட்டச் சொன்னேன்.

"இது பேலட்டு இல்லணா. மூச்சு வுடணும்."

செல்லதுரை ஓடி வந்தான். திருநெல்வேலிப் பக்கத்துப் பையன், வயதில் சின்னவன். கெட்டவன் இல்லை. பொறையைப் பார்த்ததும் தலையில் கைவைத்துக்கொண்டான்.

"ஏ அப்பா, பொறையா? அண்ணே, நீங்க கெளம்புங்க. அந்தா குட்டி யானை வண்டி சும்மாதான் நிக்கி. டிரைவரைக் கூட்டிட்டுப் போங்க. லோடை நான் பாத்துக்கிடுதேன்." கூடவே வந்து பலகையை ஏற்றினான். பிறகு என் காதருகே, "கேட்ல கேட்டா, வெளிய ரோட்டுல அடிபட்டுச்சுன்னு சொல்லிருங்க, என்ன?" என்றான்.

"ஆங்" என்றேன்.

ஸ்ரீபெரும்புதூரில் ஒரு கால்நடை மருத்துவர் தனியாக கிளினிக் வைத்திருந்தார். சின்ன வயது டாக்டரம்மா. ஒரே ஒரு உதவியாள். மேஜை மேல் பலகையோடு பொறையை வைத்தோம். அதற்கு மூச்சு இரைத்தது. கண் மட்டும் நான் போகும் பக்கமெல்லாம் வந்தது.

"என்ன ஆச்சு? எங்க அடிபட்டுது?"

"வூட்ல மேடம். மாடிப்படில இருந்து வுழுந்துட்டுது."

நான் யோசித்துச் சொல்லவில்லை. யோசித்துச் சொல்லியிருந்தால் அந்தப் பொய் வந்திருக்காது. அந்த அறையில் அதற்கு ஒரு தேவையும் இல்லை. டாக்டருக்கும் எங்கள் போர்டுக்கும் என்ன சம்பந்தம்? ஆனால் அடிபட்டது எங்கே என்று யாராவது கேட்டால் என் வாய்க்குத் தெரிந்த பதில் அது ஒன்றுதான். பக்கத்தில் நின்ற லூர்து திரும்பி என்னைப் பார்த்தாள். மண்ணூரில் என் வீட்டுக்கு அவள் வந்திருக்கிறாள். மேலே ஆஸ்பெஸ்டாஸ் ஷீட். மாடியும் இல்லை, படியும் இல்லை.

"எத்தனை படி?"

"மூணு நாலு இருக்கும்."

ஒரு பொய் சொல்லிவிட்டால் அதற்குக் கணக்கும் சொல்ல வேண்டியிருக்கிறது.

டாக்டரம்மா பின்னங்கால்களைத் தொட்டுப் பார்த்தார். முதுகைத் தடவினார். "மூணு படியிலிருந்துன்னா எலும்பு உடைய வாய்ப்பு கம்மி. முதுகெலும்புக்கு நடுவுல இருக்கற தட்டு விலகியிருக்கலாம். ஊசி போடறேன், வலி குறையும். துண்டை வயித்துக்கு அடியில குடுத்துத் தூக்கி நிக்க வெச்சுப் பாப்போம், எவ்வளவு நடக்குதுன்னு. ரெண்டு நாள் பாத்துட்டு முடிவு பண்ணலாம்" என்றார். மருந்தை ஊசியில் ஏற்றினார். உதவியாள் கத்தரிக்கோலால் ஃபிலிமை வெட்டத் தொடங்கினார்.

தம்பிகளே, தங்கைகளே, இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கிறேன்.

ஃபிலிம் வெட்டுப்படும் சத்தம் நமக்குத் தெரிந்த சத்தம்தான். அன்றைக்கு அதைக் கேட்டுக்கொண்டு நின்றேன். இவர்கள் செய்யப்போவது சரியில்லை என்று எனக்குத் தெரிந்தது. மூன்று டன் வண்டி அமுக்கிய முதுகை, மூன்று படி விழுந்த முதுகு என்று நினைத்துத் தூக்கப்போகிறார்கள். அதைத் தெரிந்தவன் அந்த அறையில் நான் இருக்கிறேன். ஆனால் வாய் திறக்கவில்லை. குக்கருக்காக இல்லை. குக்கர் ஞாபகமே வரவில்லை. சற்று முன் சொன்னதை இல்லை என்று சொல்ல வேண்டுமே, அந்த வெட்கம். 'பொய்யா சொன்னீங்க?' என்று ஒரு படித்த பெண் கேட்பார், உதவியாள் திரும்பிப் பார்ப்பார். கூச்சப்படுகிறவனுக்கு இது எவ்வளவு பெரியது என்று கூச்சமில்லாதவர்களுக்குப் புரியாது. லூர்து சொல்லிவிடுவாள் என்று காத்திருந்தேன். அவளும், நான் சொல்லட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். அதைப் பிறகுதான் சொன்னாள்.

உதவியாள் துண்டை வயிற்றுக்கு அடியில் நுழைத்தார். பொறை ஒரு சத்தம் போட்டது. ஆறு வருஷத்தில் நான் கேட்காத சத்தம்.

"நிறுத்துங்க" என்றேன். சத்தம் வெளியே வரவில்லை. மறுபடி சொன்னேன். "நிறுத்துங்க மேடம். மாடிப்படி இல்ல. பொய். என் வூட்ல படியே இல்ல. நான்தான் ஏத்துனேன். கம்பெனில. ஃபோர்க்லிஃப்ட் பின்னால எடுக்கறப்ப."

உதவியாள் துண்டை அப்படியே விட்டுவிட்டார். டாக்டரம்மா ஊசியைத் தட்டில் வைத்தார்.

"வண்டி மேல ஏறிச்சா, அமுக்குச்சா?"

"அமுக்குச்சு. பேலட்டு அடுக்குக்கும் வண்டிக்கும் நடுவுல. எடது பக்கம்."

"எவ்வளவு நேரம் ஆச்சு?"

"ஒரு மணி நேரம் இருக்கும்."

ஏன் பொய் சொன்னீர்கள் என்று அவர் கேட்கவே இல்லை. நான் அவ்வளவு பயந்த கேள்விக்கு அவருக்கு நேரமில்லை. ஈறைத் தூக்கிப் பார்த்தார், வயிற்றை அழுத்திப் பார்த்தார், மார்பில் குழாயை வைத்துக் கேட்டார். குளுக்கோஸ் ஏற்றி, பாட்டிலை லூர்து கையில் கொடுத்தார். ஒரு இடுக்கியால் பின்னங்கால் விரலைக் கிள்ளினார். வலது காலில் கிள்ளியபோது பொறை தலையைத் திருப்பி முனகியது. இடது காலில் கிள்ளியபோது திரும்பவில்லை.

"வலதுல உணர்வு இருக்கு. அதுவும் போறதுக்குள்ள ஆபரேஷன் பண்ணணும். இங்க எக்ஸ்ரே கூடக் கிடையாது. சென்னைக்குப் போங்க, இப்பவே. நான் போன் பண்ணிச் சொல்லிடறேன்." அறுத்த ஃபிலிமுக்குப் பதிலாகத் துணிப் பட்டையால் அவரே பலகையோடு சேர்த்துக் கட்டினார். கட்டிக்கொண்டே சொன்னார்: "மூணு படின்னு நெனச்சுத்தான் அந்த ஊசிய எடுத்தேன். வலி தெரியாம போயிருந்தா இது எழுந்து நடக்கப் பாத்திருக்கும். உள்ள உடைஞ்ச எலும்பு இருந்தா, அது நரம்பை அறுத்திருக்கும்."

திட்டியிருந்தால்கூட மறந்திருப்பேன்.

வண்டியின் பின்தட்டில் தார்ப்பாய் நிழலில் பொறையோடு நானும் லூர்தும் உட்கார்ந்தோம். அவள் பாட்டிலைப் பிடித்திருந்தாள். நான் பலகை ஆடாமல் இரண்டு காலாலும் அணை கொடுத்திருந்தேன். முன்னால் வரிசையாக டிரெய்லர்கள். செம்பரம்பாக்கம் தாண்டியதும் அவள் கேட்டாள்.

"பொறை எங்க படுத்துகினு இருந்துச்சுன்னு பாத்தியாணா?"

"பேலட்டு அடுக்காண்ட."

"தெனம் அங்கதான் நான் குனிஞ்சி லேபிள் ஒட்றேன். இன்னிக்கி லேபிள் ரோல் தீந்துபோச்சி. எடுத்தாரப் போனேன். நான் எழுந்த எடத்துல நெழலு இருந்துச்சின்னு அது வந்து படுத்துக்கிச்சி."

நான் பலகையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

"நான்னா இன்னா சொல்லியிருப்ப?" என்று கேட்டாள். "ஆஸ்பத்திரில கேட்டா, லூர்து வூட்ல வுழுந்துட்டான்னா?"

கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். அதனால்தான் அது இவ்வளவு நாள் உள்ளே இருக்கிறது. ஹார்ன் ஒயரைப் பிடுங்கியது நான்தான் என்று அப்போது அவளிடம் சொன்னேன். அவள் பாட்டிலை மறுகைக்கு மாற்றிக்கொண்டாள். "தெரியும். நாங்களும்தான் நிம்மதின்னு இருந்தோம்" என்றாள்.

சென்னை ஆஸ்பத்திரியில் அறுவை சிகிச்சை செய்யும் பெரிய டாக்டர், டாக்டரம்மா போனில் சொல்லியிருந்ததையே என்னிடம் மறுபடி கேட்டார். இந்தத் தடவை முழுவதும் சொன்னேன். எந்தப் பக்கம், எந்த உயரம், பிறகு அது எத்தனை அடி இழுத்துக்கொண்டு வந்தது எல்லாம். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். அடுக்கிய பெட்டிகளில் ஒன்று மட்டும் வெளியே துருத்திக்கொண்டு நிற்பதுபோல ஒரு எலும்பு விலகி, உடைந்து இருந்தது. அதைப் படித்தறிய எனக்கு எந்தப் படிப்பும் தேவைப்படவில்லை.

"ஆபரேஷன் பண்ணி பிளேட் வெச்சா நடக்கும்னு நான் சத்தியம் பண்ண முடியாது. பண்ணலேன்னா நடக்காது. அது மட்டும் உறுதி" என்றார். "மயக்கத்துலயே போகலாம். பொழச்சும் கால் வராம போகலாம். அப்படி ஆனா வாழ்நாள் முழுக்க மூத்திரத்தைக்கூட நீங்கதான் அழுத்தி எடுத்துவிடணும். வலியில்லாம அனுப்பி வெச்சிடறதும் ஒரு வழிதான். அதைக் கேக்கறவங்களை நான் தப்பா நெனைக்கறதில்லை. ஆனா சீக்கிரம் சொல்லுங்க."

வழக்கம்போல நான் வேறு யாராவது சொல்லட்டும் என்று பார்த்தேன். லூர்தைப் பார்த்தேன்.

"என்னப் பாக்காதணா. நீதான சொல்லணும்."

நான் பொறையைப் பார்த்தேன். அதனிடம் கேட்க முடியாது. கேட்டால் அது சரி என்றுதான் சொல்லும். நான் எதைச் சொன்னாலும் சரி என்று சொல்கிற பிராணி அது. ஆறு வருஷம் அதோடு பேசியதில் அதன் பதிலை நானேதான் சொல்லிக்கொண்டிருந்தேன் என்பது அப்போதுதான் உறைத்தது. இந்த முறை எனக்காகச் சொல்லக் கூடாது என்று நினைத்தேன். என் குற்றத்தைக் கழுவுவதற்காக அதை அறுக்கச் சொல்கிறேனா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். பதில் கிடைக்கவில்லை. ஆனால் விரலைக் கிள்ளியபோது வலது காலுக்காக அது தலையைத் திருப்பியது. அது ஒன்றுதான் என் கையில் இருந்த நிஜம்.

"பண்ணுங்க சார்" என்றேன்.

படிவத்தில் உரிமையாளர் பெயர் என்று ஒரு இடம் இருந்தது. அதுவரை பொறைக்கு உரிமையாளர் கிடையாது. கம்பெனி நாய், அவ்வளவுதான். பேனாவை வாங்கி ஏழுமலை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

உள்ளே கொண்டுபோன பிறகு செல்லதுரை போன் செய்தான். லோடு நேரத்துக்குப் போய்விட்டதாம். "பொறை எப்படிண்ணே இருக்கு?" என்று முதலில் கேட்டான், அதை மறைக்கக் கூடாது. பிறகு, "நாய்தானே, மனுசருக்கு ஒண்ணும் ஆகலைல்லா. போர்டுல கை வைக்க வேண்டாம். என்ன சொல்லுதீங்க?" என்றான்.

"ஆங்" என்று சொல்ல வாய் வந்தது. "காலைல வந்து எழுதித் தர்றேன் தம்பி" என்றேன்.

தெருவிளக்கு எரியத் தொடங்கும்போது டாக்டர் வெளியே வந்தார். பிளேட் வைத்தாகிவிட்டது, உயிருக்குப் பயமில்லை, கால் விஷயம் போகப் போகத்தான் தெரியும் என்றார். லூர்து பர்ஸிலிருந்து ஜெபமாலையை எடுத்து முத்தமிட்டுவிட்டு, "டீ வாங்கிக் குடுணா. கை மரத்துப்போச்சி" என்றாள்.

மறுநாள் காலை, ஏன் ஏன் என்று ஐந்து முறை கேட்டு எழுதும் தாள் இருக்கிறதே, உங்களுக்கும் கொடுப்பார்கள், அதை வாங்கி எழுதினேன். ஏன் இடித்தது, ஏன் தெரியவில்லை, ஏன் சத்தம் வரவில்லை, ஏன் ஒயர் பிடுங்கப்பட்டது, ஏன் ஒரு மாதமாக யாரும் கேட்கவில்லை. செல்லதுரை வாங்கிப் படித்துவிட்டு, "இதுல நாய்க்குக் கட்டமே கிடையாதே அண்ணே" என்றான். பின்னால் நின்ற லூர்து, "என் பேரப் போடு. அது என் எடம்" என்றாள். யாருக்கு அடிபட்டிருக்கக்கூடும் என்ற கட்டத்தில் அவள் பெயரை எழுதினேன். எழுதியது எழுதியதுதான் என்று, அதே தாளின் கீழே டிசம்பரில் பெயர்ந்த என் கால் நகத்தையும் எழுதினேன். வீட்டில் அம்மி இல்லை என்பதையும்.

நகத்தால்தான் போர்டு பூஜ்யத்துக்குப் போனது. என்னை மூன்று மாதம் வண்டியிலிருந்து இறக்கிவிட்டார்கள். கீழே நின்று பெட்டி எண்ணினேன். நியாயமான தண்டனை. கேன்டீனில் என் மேஜைக்குச் சில பேர் வருவதை நிறுத்தினார்கள். ஒருத்தர் மட்டும் வந்து உட்கார்ந்து, "ஏழுமல, உன்னால என் பொண்டாட்டி பழைய குக்கர்லயே விசிலு எண்ணிகினு கீறாய்யா" என்றார். அந்த வாரமே அவர் தன் கிழிந்த உள்ளங்கையை எடுத்துக்கொண்டு போய், அரிவாள்மனை இல்லை, பெட்டி அறுக்கும் கட்டர் என்று எழுதிக் கொடுத்தார். எல்லா வண்டியிலும் ஹார்னைப் பார்த்தார்கள். என் வண்டியோடு இன்னும் இரண்டு வண்டிகள் ஊமையாக இருந்தன.

பொறையை மண்ணூருக்கு வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டேன். "இனிமே இது இங்கதானா?" என்று கேட்ட என் மனைவி, பதிலுக்குக் காத்திராமல் பழைய புடவை இரண்டை மடித்துப் போட்டாள். வயிற்றை அழுத்தி மூத்திரம் எடுத்துவிட டாக்டர் சொல்லித் தந்திருந்தார். முதல் வாரம் எனக்கு அழுத்தத் தெரியவில்லை. பிறகு என்னைவிட என் மனைவிக்கு நன்றாக வந்தது. புண் வராமல் இருக்க ஒரே பக்கம் படுக்கவிடாமல் புரட்டிப் போடுவோம். வலது கால் மெதுவாக உதைக்க ஆரம்பித்தது. இடது கால் யாருடையதோபோலக் கிடந்தது.

தினமும் காலையில் இடது கால் விரலைக் கிள்ளிப் பார்க்கச் சொல்லியிருந்தார் டாக்டர். "கிள்ளினா காலை இழுக்கும். அதைப் பாத்து ஏமாந்துடாதீங்க. காலை இழுக்கறது முதுகு. வலிக்குதுன்னு திரும்பிப் பாக்கறதுதான் நாய்" என்றார். நான் கிள்ளுவேன். கால் இழுக்கும். பொறை வாசல் பக்கம் பார்த்துக்கொண்டு படுத்திருக்கும். வேலைக்குக் கிளம்பிவிடுவேன். எத்தனை நாள் என்று முதலில் எண்ணினேன். பிறகு எண்ணுவதை விட்டுவிட்டேன். எண்ணுவதில் எனக்கு நம்பிக்கை போயிருந்தது.

ஆடி பிறந்து சில நாள் இருக்கும். அன்று ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்டது. சட்டையில் பொத்தான் போட்டுக்கொண்டே குனிந்து, ஒரு கையால் அவசரமாக, கொஞ்சம் அழுத்தியே இடது கால் விரலைக் கிள்ளிவிட்டேன்.

பொறை உறுமிக்கொண்டு திரும்பி என் கையைக் கடித்தது.

விளையாட்டுக் கடி இல்லை. பல் இறங்கி ரத்தம் வந்தது. ஆறு வருஷத்தில் என்னைக் கடித்ததில்லை. முதுகு உடைந்த அன்றுகூடக் கடிக்கவில்லை, நக்கியது. இப்போது காதை மடக்கிக்கொண்டு, கண்ணை உருட்டி, என் கையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. எனக்கு வலிக்கிறது, நீதான் செய்தாய் என்று என்னிடமே சொல்லிற்று. மனைவி சமையலறையிலிருந்து ஓடி வந்து, "ஐயோ, ரத்தம்! கைய இழுங்க!" என்று கத்தினாள்.

நான் இழுக்கவில்லை. அது தானாக விடும்வரை அப்படியே குனிந்து நின்றேன்.